அறுபது வாட் கோழி

மரநாய் கடித்துப் போட்ட கோழிகளின் இறகுகளை மெத்தோடி கூட்டி அள்ளி முடிப்பதற்குள், இத்தாலியிலிருந்து அவன் மனைவி தாஃபினா போனில் கூப்பிட்டுவிட்டாள். நல்லவேளை, முகம் தெரியாத பழைய போன்.

“என் பொண்ணுங்க எப்படி இருக்காங்க?” என்றாள். தாஃபினாவுக்குப் பொண்ணுங்க என்றால் கோழிகள். பெற்ற மகன் ஒருவன் ஜெர்மனியில் லாரி ஓட்டுகிறான். அவனைப் பற்றி அப்புறம்தான் விசாரிப்பாள்.

“சத்தமே இல்ல. அமைதியா இருக்காங்க,” என்றான் மெத்தோடி. இதைப் பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

“ஈஸ்டருக்கு வரேன். சனிக்கிழமை பஸ்ஸு. வந்ததும் முதல்ல கூண்டு, அப்புறம்தான் உன் மூஞ்சி. கூண்டு காலியா இருந்துச்சு, அடுத்த பஸ்ஸுலயே திரும்பிப் போயிருவேன். சொல்லிட்டேன்.”

சொன்னால் செய்கிறவள் அவள். முன்பொரு தடவை இவன் ஆசைப்பட்டு அவளுடைய சேவலை சூப் வைத்துவிட்டான். அந்த கிறிஸ்துமஸுக்கு அவள் ஊர்ப்பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. உச்சி முதல் நகம் வரை ஒரு வெள்ளை இறகு இல்லாமல், வருடக்கணக்காகப் பொறுக்கிப் பொறுக்கி அவள் வளர்த்தெடுத்த கறுப்புக் கோழிகள் அவை. அங்கே இத்தாலியில் யாரோ ஒரு கிழவருக்குச் சோறூட்டி, குளிப்பாட்டி, காலையும் மாலையும் நடக்க வைத்துக்கொண்டிருப்பவளுக்கு இந்த ஊரில் பிடிப்பு என்று இருந்தது அந்தக் கோழிகளும் மெத்தோடியும்தான். அதிலும் மெத்தோடி இரண்டாவது.

கூண்டின் மூலையில் ஒரு கூடை மட்டும் தப்பியிருந்தது. அதில் அடை வைத்த பதினொரு முட்டைகள். மேலே உட்கார்ந்திருந்த கோழியையும் மரநாய் விடவில்லை. முட்டைகளில் சூடு இன்னும் போகவில்லை. மெத்தோடி தொப்பியைக் கழற்றி அவற்றின் மேல் கவிழ்த்து, கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தின்காவிடம் ஓடினான்.

தின்காவுக்கு ஊர் பேக்கரியில் வேலை. வாய்க்கு ஓய்வு கிடையாது.

“உன் கோழி ஒண்ணைக் குடு தின்கா, அடை உக்கார வெக்கலாம்.”

“என் கோழிங்களா? முட்டை போட்ட உடனே எம் மருமக மாதிரி ஊர் சுத்தக் கெளம்பிருங்க. அதுங்களாவது உக்காருறதாவது. இந்தா, மூக்கைச் சிந்தாத. வீட்டுல குண்டு பல்பு இருக்கா?”

“இருக்கு. அறுபது வாட்.”

“போதும். தக்காளிப் பெட்டியில வைக்கோல் போட்டு, முட்டைய வெச்சு, மேல பல்பைத் தொங்க விடு. பக்கத்துல ஒரு கிண்ணம் தண்ணி. அப்பப்ப முட்டையத் திருப்பி விடு. எங்க அண்ணன் அப்படித்தான் வாத்தே பொரிச்சான்.”

மெத்தோடி அப்படியே செய்தான். சரக்கறையில் தக்காளிப் பெட்டி, பெட்டிக்கு மேல் மஞ்சள் பல்பு, கதவோரம் ஒரு வைக்கோல் திண்டு.

திண்டு எதற்கு என்றால், எங்கள் பக்கத்தில் அடை வைத்த வீட்டுக்குள் யாரும் சும்மா வந்துவிட்டுப் போக முடியாது. வந்தவர் திண்டில் உட்கார்ந்து மூன்று முறை கொக்கரிக்க வேண்டும். நின்றபடியே போனால் கோழியும் எழுந்து போய்விடும், முட்டை கூமுட்டையாகிவிடும். பாதிரியார் வந்தாலும் அங்கியைச் சுருட்டிக்கொண்டு உட்காருவார், போலீஸ்காரர் வந்தாலும் உட்காருவார். குஞ்சு பொரிக்கிற நேரமாகப் பார்த்து ஒருவர் உட்கார்ந்துவிட்டாரோ, தொலைந்தார். கடைசி முட்டை உடையும்வரை அவர் எழுந்திருக்கக் கூடாது. எதற்கு, ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு முழங்கால் தானாக மடங்கும்.

அந்த வாரம்தான் மாவட்டத் தலைநகரிலிருந்து இல்ல ஒளிச் சீரமைப்பு இயக்ககம் எங்கள் கோர்னோ வ்ரானே கிராமத்துக்குள் நுழைந்தது. இரண்டு வேன், ஒரு ஒலிபெருக்கி. ஒவ்வொரு வீட்டிலும் பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டு, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் புது பல்பை மாட்டுவார்கள், இலவசமாக. பழைய பல்புகளைச் சந்தையில் ஒரு பீப்பாய்க்குள் போட்டு, கைதட்டலோடு உடைப்பார்கள். கடைகளில் ஏற்கெனவே குண்டு பல்பு விற்பதை நிறுத்தியாயிற்று. பீப்பாய்க்குள் போனது போனதுதான்.

மெத்தோடிக்குப் புது பல்பின் மேல் ஒரு விரோதமும் இல்லை. பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தது. அந்த வெள்ளை வெளிச்சத்தில் பீன்ஸ் சூப்கூட ஆஸ்பத்திரி மருந்து போலத் தெரிந்தது, அவ்வளவுதான். கரண்ட் பில் குறைந்தால் யாருக்குக் கசக்கும்? சமையலறை, படுக்கையறை, கக்கூஸ் என்று எல்லா இடத்திலும் மாட்டச் சொல்லி ஏணியைக்கூட அவனே பிடித்தான். ஆய்வாளர் ரலித்சா, தலைநகர் சோஃபியாவில் படித்துவிட்டு வந்த பெண், சரக்கறைக் கதவின் கீழே பார்த்துவிட்டு நின்றாள்.

“அங்க என்ன மஞ்சளா வெளிச்சம்?”

“அது வெளிச்சம் இல்லம்மா.”

“மஞ்சளாத் தெரியுதே?”

“தெரியும். ஆனா வெளிச்சம் இல்ல. கோழி.”

ரலித்சா கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே நுழைந்தவள் நின்றபடியே நின்றாள். ஏணிக்குப் பின்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தின்கா பதறிவிட்டாள்.

“உக்காரும்மா! உக்காந்து கொக்கரி!”

“எனக்கு நேரமில்லை,” என்றாள் ரலித்சா. தின்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ரலித்சா மெத்தோடியிடம் திரும்பினாள். “வீட்டுக்குள்ள எரியிறது எல்லாமே விளக்குதான்னு விதி சொல்லுது சார். இதைக் கழட்டணும்.”

“அப்ப அடுப்பு?”

“அடுப்பு வேற துறை.”

“கழட்டினா இந்த முட்டைங்க செத்துப்போகும். இதுங்கள விட்டா எங்கிட்ட எதுவுமில்ல. பொண்டாட்டி வரா.”

“உங்க குடும்ப விஷயத்துல இயக்ககம் தலையிடாது. ஒரு வீட்டுல ஒரே ஒரு பழைய பல்பு இருந்தாலும் அது இருட்டு வீடு. ஒரு இருட்டு வீடு இருந்தாலும் அது இருட்டு கிராமம். டைரக்டர் சார் உங்க ஊரை ஒளி கிராமம்னு அறிவிக்கப் போறார். உங்க ஒருத்தருக்காக ஊரே இருட்டுல கெடக்கணுமா?”

வெளியே நல்ல வெயில். மெத்தோடி அந்த வெயிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவன் வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் அதிகாரியிடம் முடியாது என்றான்.

“இது பல்பு இல்ல. அடைகோழி. போய் உங்க டைரக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க.”

அவள் அப்படியே போய்ச் சொன்னாள். இயக்ககம் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. கோழி என்று ஒருவர் சொன்னால் அது கோழியா இல்லையா என்று முடிவு செய்ய ஒளித்துறைக்கு அதிகாரமில்லை. ஆகவே கால்நடைத்துறைக்குத் தகவல் போயிற்று. அங்கிருந்து மனோல் டாக்டர் வந்தார். எங்கள் ஊர்க்காரர், பாவம், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது, யாரோடும் வம்பு வேண்டாம் என்று நினைக்கிறவர். உள்ளே வந்ததும் திண்டில் உட்கார்ந்து மூன்று முறை கொக்கரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பல்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“வயசு?”

“வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு.”

“தீனி?”

“இருநூத்தி இருபது வோல்ட்.”

“எச்சம்?”

“இல்ல டாக்டர்.”

“சுத்தமான பறவை,” என்றார் டாக்டர். உள்ளங்கையை பல்புக்குக் கீழே நீட்டிப் பார்த்தார். “சூடு சரியா இருக்கு. அடைகோழிக்கு இவ்வளவுதான் இருக்கணும். பாரு மெத்தோடி, பறவைக் காய்ச்சல் சீசன். வெளிய மேய விடக் கூடாது.”

“விட மாட்டேன் டாக்டர். ஒயர் எட்டாது.”

காலில் போட வேண்டிய அடையாள வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். கடைசியில் அதை ஒயரில் மாட்டினார். போகும்போது மெத்தோடியின் தோளைத் தட்டி, “விடாத,” என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை தாஃபினா கூப்பிட்டாள். “போனைக் கூண்டுகிட்டக் கொண்டுபோ. என் பொண்ணுங்க சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு.”

மெத்தோடி தோட்டத்துக்குப் போய், காலிக் கூண்டுக்குள் தலையை விட்டு, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கொக்கரித்தான். ஒன்று மெல்லிசாக, ஒன்று கட்டையாக. வேலிக்கு அப்பால் தின்கா வாயைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

“அதுல ஒண்ணுக்கு சளி பிடிச்சிருக்கு,” என்றாள் தாஃபினா கவலையாக. “கொஞ்சம் பூண்டு நசுக்கிக் குடு.”

மெத்தோடி அன்று ராத்திரி பூண்டு தின்றான். ஏமாற்றியதற்கு அதையாவது செய்வோம் என்று தோன்றியது.

ரலித்சா மறுபடி வந்தாள். இந்தத் தடவை கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி.

“கால்நடைத்துறை இது கோழிதான்னு ஒத்துக்கிச்சு. அதனாலதான் இப்பப் பிரச்சினையே. வீட்டு மின்சாரம் மனுஷங்க உபயோகத்துக்கு. பிராணிக்கு மின்சாரம் போடறது மின்சாரத்தைக் கடத்துற மாதிரி. கழட்டியாகணும்.”

“முட்டை?”

“இயக்ககம் இரக்கமில்லாதது இல்ல சார்.” அட்டைப்பெட்டியை முன்னே தள்ளினாள். “ஹீட்டர். ரெண்டாயிரம் வாட்.”

மெத்தோடிக்கு முதலில் புரியவில்லை. அவன் நிறுத்தி நிதானமாகக் கேட்டான். “அறுபது வாட்டை எடுத்துக்கிட்டு ரெண்டாயிரம் வாட் குடுக்கறீங்களா?”

“ஆமா. இது வெளிச்சம் தராதே. எங்க இயக்ககம் வெளிச்சத்துக்கு மட்டும்தான்.”

“இதுல வெச்சா குஞ்சு பொரிக்காதும்மா. ஆம்லெட்தான் பொரியும்.”

“அது சமையல். எங்க துறையில வராது.”

மெத்தோடி அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேனுக்குள்ளேயே வைத்துவிட்டு வந்தான். “நாங்க கேட்டது வெளிச்சமும் இல்ல, சூடும் இல்ல. சும்மா விட்டீங்கன்னா போதும். அந்தப் பல்பு அங்கதான் தொங்கும். குஞ்சு வெளிய வந்த அப்புறம் நானே கழட்டி உங்க பீப்பாயில போடறேன். அதுக்கு முன்னாடி எவன் வந்தாலும் விட மாட்டேன்.”

“சனிக்கிழமை விழா. டைரக்டர் சாரே வரார்,” என்றாள் ரலித்சா. “அதுக்குள்ள கழட்டலேன்னா கம்பத்துலயே ஒயரை வெட்டிருவோம். அப்புறம் உங்க வீட்டுல கோழியும் இருக்காது, புது பல்பும் இருக்காது.”

சனிக்கிழமை என்றால் ஈஸ்டருக்கு முந்தின நாள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எல்லாம் ஊர் வந்து சேருகிற நாள், கூட்டம் இருக்கும். அதனால்தான் டைரக்டர் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார். முட்டைகள் பொரிய வேண்டிய நாளும் அன்றுதான்.

சனிக்கிழமை நண்பகல் சந்தையில் மேடை போட்டு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு பெரிய விளக்குகளை எரியவிட்டிருந்தார்கள். சூரியன் உச்சியில் நின்றதால் விளக்கு எரிகிறதா என்பதைக் கையை வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவற்றுக்காக ஒரு ஜெனரேட்டர் லாரியில் நின்று உறுமியது. டைரக்டர், பொறியாளர் பருஷேவ், மேடையேறினார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர்தான். நகரத்துக்குப் போன பிறகு கழுத்தை நேராக வைத்துப் பழகியிருந்தார்.

“பெருமக்களே!” என்றார். “மின்சாரத்தைச் சேமிக்க எங்கள் இயக்ககம் இரவு பகல் பாராமல் உழைக்கிறது. எங்கள் ஆறு மாடிக் கட்டடத்தில் ராத்திரி முழுவதும் விளக்கு எரிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சிலர் கேட்கிறார்கள், நாங்கள் மிச்சம் பிடித்த மின்சாரம் எங்கே போகிறது என்று. இதோ!” பன்னிரண்டு விளக்குகளையும் கையால் சுட்டிக்காட்டினார். கூட்டம் கைதட்டியது. “பழைய பல்பில் வெளிச்சம் கொஞ்சம், வெட்டிச் சூடு நிறைய. எங்களிடம் சூட்டுக்கு இடமே இல்லை. பொதுமக்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் இதை நேரிலேயே உணரலாம். இந்தக் கிராமத்தில் இருட்டு இன்னும் ஒரே ஒரு வீட்டில்தான் மிஞ்சியிருக்கிறது. வாருங்கள், அதை என் கையாலேயே கழற்றுகிறேன்!”

கூட்டம் மெத்தோடி வீட்டை நோக்கிக் கிளம்பியது. முன்னால் டைரக்டர், பின்னால் மாவட்டத் தொலைக்காட்சியின் காமிராக்காரர், அவருக்குப் பின்னால் சிவப்புக் கையோடு தின்கா. ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வந்திருந்தாள். கம்பத்தில் ஏற்கெனவே ஓர் ஆள் வெட்டுக்கத்தியோடு ஏறி உட்கார்ந்திருந்தான்.

மெத்தோடி சரக்கறை வாசலில் குறுக்கே நின்றான்.

“விலகுங்க,” என்றார் பருஷேவ்.

“விலகறேன். நீங்களே உங்க கையால கழட்டுங்க. ஆனா முட்டைங்களப் பார்த்துக்கிட்டே கழட்டணும். மூஞ்சியத் திருப்பிக்கக் கூடாது.” அவன் பெட்டியைக் காட்டினான். “பதினொரு உசுரு. எம் பொண்டாட்டி இந்த ஊருக்குத் திரும்பி வரதுக்கு இருக்குற காரணம் மொத்தமும் அந்தப் பெட்டியிலதான் இருக்கு. உங்களுக்கு அது அறுபது வாட்டு.”

அவன் விலகினான். டைரக்டர் உள்ளே காலை வைத்தார். காமிரா நுழைந்தது. ரலித்சா புது பல்பை நீட்டினாள்.

அப்போது தின்கா, பேக்கரியில் ரொட்டி விலை சொல்கிற சாதாரணக் குரலில், “அடை இருக்குற வீடு,” என்றாள்.

பருஷேவின் முழங்கால் மடங்கியது. அவர் மடக்கவில்லை, அது பாட்டுக்கு மடங்கியது. கோட்டு, டை, மார்பில் குத்தியிருந்த விழாச் சின்னம் எல்லாவற்றோடும் அவர் வைக்கோல் திண்டில் போய் உட்கார்ந்து, “கொக், கொக், கொக்,” என்றார். நல்ல கொக்கரிப்பு. சின்ன வயதில் கற்றது மறக்கவில்லை.

“டைரக்டர் சார், என்ன பண்றீங்க?” என்றாள் ரலித்சா.

“ஊரே பார்த்துச்சு!” என்று கத்தினான் மெத்தோடி. “டிவியும் பார்த்துச்சு! சொல்லுங்க சார், பல்புக்கு முன்னாடி யாராவது கொக்கரிப்பாங்களா? இது கோழி இல்லேன்னா எதுக்கு உக்காந்தீங்க?”

“பழக்கதோஷம்,” என்று முணுமுணுத்த பருஷேவ் முகம் சிவந்து எழுந்திருக்கப் பார்த்தார். பாதி எழுந்தபோது பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஒரு சின்ன டொக். பிறகு, ஓட்டுக்குள்ளிருந்தே, “கீச்”.

டைரக்டர் பாதி எழுந்த நிலையில் நின்றார். பிறந்த ஊரும் பதவியும் அவருடைய இரண்டு முழங்கால்களிலும் நின்று சண்டை போட்டன. பிறகு மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார்.

வெளியே கம்பத்தின் மேலிருந்து குரல் வந்தது. “சார், வெட்டிரலாமா?”

“எறங்குடா முண்டம்!” என்று அலறினார் இல்ல ஒளிச் சீரமைப்பு இயக்ககத்தின் டைரக்டர். “குஞ்சு பொரிக்குது!”

மெத்தோடி சுவரில் சாய்ந்துகொண்டு வாய்விட்டு அழுதான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே தூரத்தில், சந்தையில், பன்னிரண்டு விளக்குகளும் ஒருவரும் இல்லாத மேடையைச் சுற்றி வெயிலில் எரிந்துகொண்டிருந்தன. அணைக்க வேண்டியவர் திண்டில் இருந்தார்.

ஏழாவது குஞ்சு ஓட்டை உதைத்து வெளியே விழுந்தபோது, தோட்டத்துப் பக்கம் கூண்டுக் கதவு தடாரென்று அடிபடும் சத்தம் கேட்டது. தின்கா மெத்தோடியைப் பார்த்தாள். மெத்தோடி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தாஃபினா வந்து வாசலில் நின்றாள். தோளில் பஸ் தூசியோடு பெரிய பை.

“கூண்டு காலி,” என்றாள்.

மெத்தோடி தலையைக் குனியவில்லை. “மரநாய். ஒண்ணு விடல. கதவைத் தாழ்போட மறந்தது நாந்தான். மிச்சம் இருந்தது இதோ இந்தப் பெட்டியில. இதுக்காக அரசாங்கத்தோட சண்டை போட்டேன். போறதுன்னா போ தாஃபி. ஒரு தடவை பார்த்துட்டுப் போ.”

அவள் பையோடு உள்ளே வந்து பெட்டிக்கு மேல் குனிந்தாள். மஞ்சள் வெளிச்சத்தில் ஏழு ஈரக் கறுப்பு உருண்டைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. ஒன்றில்கூட வெள்ளை இல்லை. அவள் வெகுநேரம் பார்த்தாள். ஒயரில் மாட்டியிருந்த வளையத்தையும் பார்த்தாள்.

“அப்ப அன்னிக்குப் போன்ல சளி பிடிச்ச கோழி?”

“நாந்தான்.”

“பூண்டு?”

“தின்னேன்.”

தாஃபினாவின் வாய்க்கோடி துடித்தது. சிரிப்பா அழுகையா என்று மெத்தோடிக்குத் தெரியவில்லை. அவள் பையைக் கீழே வைத்தாள். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

புருஷன் பொண்டாட்டி விவகாரத்தில் தன்னை மறந்துவிட்டார்கள் என்று நினைத்து டைரக்டர் பருஷேவ் மெல்ல எழுந்து, கால்சட்டையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டினார். தாஃபினா திரும்பி, அவர் யார், என்ன பதவி என்று ஒன்றும் கேட்காமல் தோளைப் பிடித்து அழுத்தித் திண்டிலேயே உட்கார வைத்தாள்.

“எங்க கெளம்பிட்டீங்க? இன்னும் நாலு முட்டை பாக்கி. கொக்கரிங்க.”

டைரக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கொக்கரித்தார்.